பால் கேனோடு மின்சார ஸ்கூட்டர் சரிப்படுமா?

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். காலையும் மாலையும் பால் கேன் கட்டிக்கொண்டு தினமும் 45 கிலோமீட்டர் ஓடுகிறேன். பழைய பெட்ரோல் வண்டி நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது, மாதம் 3000 ரூபாய்க்குக் குறையாது. மின்சார ஸ்கூட்டர் என்றால் சுமையோடு நாளுக்கு 2 யூனிட் போதும் என்கிறார்கள்.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடுகிறது. இதில் 120 சேர்ந்தால் 470. கோடையில் 500 தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். (தோட்டத்து இலவச மோட்டார் இணைப்பில் போடலாமே என்று மச்சான் யோசனை சொன்னார். அது தப்பு, வேண்டாம்.)

அப்புறம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் டியூப்லைட் கண் சிமிட்டும். அந்த வோல்டேஜில் சார்ஜர் தாங்குமா? ஸ்டெபிலைசர் போட்டவர்கள் உண்டா? பின்னால் 40 லிட்டர் கேன் கட்டி மண் ரோட்டில் ஓட்டினால் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது? மூன்று வருஷம் கழித்து பேட்டரி எப்படி இருக்கிறது?

நான் பார்த்த வண்டிக்கு சர்வீஸ் திண்டுக்கல்லில்தான், 30 கிலோமீட்டருக்கு மேல். வழியில் நின்றுவிட்டால் பால் கெட்டுப்போகும், அதுதான் பயம். கிராமத்தில் வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஷோரூம்காரர் சொன்னதெல்லாம் கேட்டாகிவிட்டது.