மூத்தவன் உள்ளே போனானா? இயேசு சொன்ன உவமைக் கதைகளுக்கு விளக்கம் வேண்டுமா, வேண்டாமா?

தேவகோட்டை டீச்சர்:
ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரக் கதையைச் சொன்னேன். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளையவன், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் அப்பா, கோபத்தில் வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கும் மூத்தவன். அவன் கடைசியில் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. நானும் அங்கேயே நிறுத்தினேன். "போனானா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். "நீயாக இருந்தால் போவாயா?" என்றேன். அப்புறம் அரை மணி நேரம் அவர்களேதான் பேசினார்கள். வீட்டில் தம்பிக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது என்று ஒருத்தி அழுதேவிட்டாள்.

உடன் கற்பிக்கும் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. கருத்தை முதலில் சொல்லுங்கள், கதை வெறும் எடுத்துக்காட்டுதான் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கதைதான் பாடம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காரைக்குடி வேதபாடம்:
டீச்சர், வருத்தப்படாதீர்கள், நான் அவர் பக்கம். மாற்கு 4:34 என்ன சொல்கிறது? சீஷரோடே தனித்திருக்கும்போது எல்லாவற்றையும் விவரித்துச் சொன்னார். விதைக்கிறவன் உவமையில் விதை வசனம், பறவை சாத்தான், முள் உலகக்கவலை என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். ஆண்டவரே விளக்கியதை நாம் விளக்காமல் விடுவது எப்படி?

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாலந்து என்ற சொல்லே சாட்சி. மத்தேயு 25இல் தூரதேசம் போகும் எஜமான் மூன்று ஊழியரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார்; முதல் இருவர் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்க, மூன்றாமவன் பயந்து மண்ணில் புதைத்து வைக்கிறான். அது எடை, பெரும்பணம். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்றால் ஏறக்குறைய 20 வருஷக் கூலி. நம் சபைகளில் அது பாட்டுத் திறமை, பேச்சுத் திறமை என்று சுருங்கிவிட்டது. மத்தேயு 25இன் கனம் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேவகோட்டை டீச்சர்:
விதைப்பவர், களைகள் போன்ற சிலவற்றுக்குத்தான் விளக்கம் இருக்கிறது ஐயா. லூக்கா 15க்கு இல்லை. லூக்கா 10இல் திருச்சட்ட அறிஞர் "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று கேட்கிறார். அவருக்கு வேண்டியது ஒரு வரையறை. கிடைத்தது எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரின் கதை. குருவும் லேவியரும் விலகிப் போக, யூதர்கள் வெறுத்த சமாரியர் ஒருவர்தான் அவரைச் சத்திரத்தில் சேர்த்துக் கவனிக்கிறார். முடிவில் கேள்வியே திரும்பிவிடுகிறது: அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டது யார்? பதிலை அறிஞர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. சமாரியர் என்ற பெயரைச் சொல்லாமல், இரக்கம் காட்டியவர் என்றார்.

இதே கதைக்குப் புனித அகுஸ்தினார் விளக்கம் சொன்னார். அடிபட்டவர் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல். அவ்வளவு பெரிய ஞானி. ஆனால் அந்த விளக்கத்தில் சாலையில் கிடந்த மனிதரை எனக்குக் காணவில்லை.

தாவீது அரசர் இன்னொருவர் மனைவியை எடுத்துக்கொண்டபோது அவரிடம் வந்த இறைவாக்கினர் நாத்தானையும் பாருங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொல்லித்தானே தாவீதின் கோபத்தையே தாவீதுக்கு எதிராகத் திருப்பினார்?

காரைக்குடி வேதபாடம்:
நாத்தான் கதையோடு நிறுத்தினாரா? "நீயே அந்த மனுஷன்" என்றாரே! அந்த வரி இல்லாவிட்டால் ஏழைக்கு நியாயம் செய்த திருப்தியோடு தாவீது தூங்கப் போயிருப்பார்.

கானாடுகாத்தான் பேரன்:
நான் கிறிஸ்தவன் இல்லை, நகரத்தார் வீடு. சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தேன். தாலந்து கதையை அங்கே கேட்டுவிட்டு வந்து எங்கள் ஐயாவிடம், அதாவது அப்பாவைப் பெற்றவரிடம் சொன்னேன். அவர் பர்மாவில் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு, சம்பளச் சீட்டு, ஊர் திரும்பி ஐந்தொகை (வரவு செலவு, லாப நட்டக் கணக்கு) காட்டுவது, இதெல்லாம் அவர் வாழ்ந்த வாழ்க்கை.

"முதலாளி தூரதேசம் போனார்" என்று ஆரம்பித்ததுமே நிறுத்தினார். "முதலாளி ஊரிலே இருப்பார்ப்பா. ஆள்தான் தூரதேசம் போகும்" என்றார். ஐந்து பத்தானது, இரண்டு நான்கானது, சரி சரி என்று கேட்டார். புதைத்து வைத்தவனிடம், காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்று முதலாளி சொல்லும் இடத்தில் தலையாட்டினார். கதை முடிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு பேரிலே யாவாரம் பண்ணித் தொலைச்சவன் ஒருத்தனும் இல்லையா?" என்று கேட்டார்.

1942இல் ஜப்பான் படை வந்தபோது நடந்தே ஊர் வந்தவர்களில் அவரும் ஒருவர். கொடுத்த கடனெல்லாம் அங்கே கடனுக்கு ஈடாக வந்த வயலாகக் கிடந்தது. கையில் ஒரு கணக்கு நோட்டு மட்டும். அதைக் கொண்டுபோய் முதலாளி வீட்டு முகப்பில் நின்று கொடுத்திருக்கிறார்.

திறமையை வீணாக்காதே என்று கருத்தை மட்டும் சொல்லியிருந்தால், நல்லதுப்பா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். கதையாகச் சொன்னதால் அதற்குள் தனக்கு ஓர் இடம் தேடினார். நான் டீச்சர் பக்கம்.

காரைக்குடி வேதபாடம்:
தம்பி, படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. ஆனாலும் என் சந்தேகம் அப்படியேதான் நிற்கிறது. உங்கள் ஐயா கேட்டதற்குக் கதையில் பதில் இல்லையே.

யாத்திராகமம் 22:25 ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது. இந்த எஜமானோ வட்டி கேட்கிறார். விதைக்காத இடத்தில் அறுக்கிறவர் என்று மூன்றாமவன் சொல்வதை அவர் மறுப்பதும் இல்லை. பணத்தை மண்ணுக்குள் வைப்பதுதான் பத்திரம் என்று யூத ரபிகளே சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் பயந்தவன் செய்தது அந்தக் காலத்துப் புத்திசாலித்தனம்தான். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காவிட்டால், கேட்கிற பிள்ளை கடவுளை ஒரு கடுவட்டிக்காரராக நினைத்துவிடாதா? எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது.

தேவகோட்டை டீச்சர்:
அது நியாயமான பயம். சொல்லத்தான் வேண்டும் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை கேட்ட பிறகு. பசிக்கு முன்னால் ஊட்டினால் துப்பிவிடும். நீங்கள் காட்டிய மாற்கு 4லும் சீடர்கள் தனியே வந்து கேட்ட பிறகுதானே அவர் விளக்குகிறார்?

தம்பி, வரும் ஞாயிறு மத்தேயு 25 எடுக்கிறேன். உங்கள் ஐயாவின் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கலாமா? பெயர் சொல்ல மாட்டேன்.

காரைக்குடி வேதபாடம்:
நானும் என் வகுப்பில் கேட்கப் போகிறேன். ஆனால் யாத்திராகமத்தை முதலில் வாசித்துவிட்டுத்தான்.

கானாடுகாத்தான் பேரன்:
கேளுங்கள் டீச்சர். நோட்டை வாங்கிக்கொண்டு முதலாளி என்ன சொன்னார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதை ஐயா அப்பத்தாவிடம்கூடச் சொன்னதில்லை.