வெங்காயம் ஏற்றினால் பின்பக்கம் குந்துகிறது, தகடு கூடப் போடலாமா?

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
என்னுடையது பழைய ஹைலக்ஸ் பிக்கப், பின்னுக்குச் சுமை தாங்குவது வில்லுத் தகடு, அதாவது வளைந்த தகடுகளின் அடுக்கு. 50 கிலோ வெங்காய மூட்டை 16 ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குப் போனால், ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு ரப்பர்க் கட்டையில் இடிக்கிறது. இரவில் லைட் மேலே தூக்கி எதிரே வருபவர்களின் கண்ணைக் குத்துகிறது. இடைக்கிடை மச்சானின் படகையும் ரெயிலரில் மயிலிட்டிக்கு இழுக்க வேண்டும். இரண்டு தகடு கூடப் போட்டால் சரியா?

பழைய லொறிக்காரன்:
தம்பி, முதலில் வெறும் வண்டியைச் சமதரையில் விட்டு வில்லைப் பாருங்கோ. வளைவு செத்து நேராகிவிட்டால் முழு செட்டையும் மாற்றுங்கோ. வளைவு இருந்தால் ஒரு தகடு போதும். இரண்டு போட்டால் வெறும் வண்டி துள்ளும், மழையில் பின்பக்கம் வழுக்கும். வில்லை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டும் புதிதாகப் போட்டு, சில நாள் ஓடியபின் மறுபடி முறுக்குங்கோ. நான் அப்படி முறுக்காமல் விட்டதில், தகடுகளைக் கோர்க்கும் நடுப்போல்ட் வெட்டுப்பட்டு, அச்சு விலகிக் கொடிகாமத்தில் இரவு முழுக்க நின்றேன். தகடு கூடினாலும் பிரேக்கும் ரயரும் தாங்குவது பழைய எடைதான்.

கடற்கரைப் பொடியன்:
படகுக்கு வேறு கணக்கு, அண்ணை. ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். எஞ்சின் பின்னால் தொங்குவதால் படகை முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கோ.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
பார்த்தேன் அண்ணை. வில்லு நேராகத்தான் கிடக்கிறது. இரண்டாவது தகட்டில் மயிர் போல ஒரு வெடிப்பு, அதில் துரு கசிந்திருக்கிறது. செட் மாற்றும்வரை மூட்டையும் இல்லை, படகும் இல்லை.