விண்கல் விலை: சென்ற மாதப் பதிவுக்குப் புதுப்பிப்பு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒருவர் 84 கிராம் இரும்பு விண்கல்லுக்கு 1,900 ரிங்கிட் கேட்கிறார், வாங்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். முதலில் எடை போட்டுப் பாருங்கள் என்று அறிவுறுத்திய அன்பர்களுக்கு நன்றி. லிட்டில் இந்தியாவில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்கு விற்பனையாளரையும் அழைத்துச் சென்று தராசில் வைத்தபோது, அது 78 கிராம்தான் இருந்தது.

எடையை விட, அந்த விலைக்கு விற்பனையாளர் சொன்ன காரணம்தான் என்னை வருத்தியது. 2025 ஜூலையில் நியூயார்க்கில் 24.67 கிலோ செவ்வாய்க் கல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதைக் காட்டி, எல்லா விண்கல்லும் அப்படித்தான் என்றார். செவ்வாயிலிருந்து வந்தவை மிக அரியவை. இவர் கையில் இருந்ததோ அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியலோ என்ற இடத்தில் விழுந்த இரும்பு விண்கல்லின் துண்டு. அங்கே 2016-இல் தோண்டியெடுத்த ஒரே கட்டி 30 டன்னுக்கு மேல் எடை கொண்டது என்னும்போது, இதை அரிய பொருள் என்று விற்பது புதிதாகச் சேகரிக்க வரும் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

விலையை 1,100 ரிங்கிட்டாகக் குறைத்தார், நான் வாங்கவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் இவ்வகை இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். அந்தக் கல்லின் அடிப்பக்கக் குழியொன்றில் ஆரஞ்சு நிறப் பொடி ஏற்கெனவே படிந்திருந்தது. தொட்டதும் விரலில் ஒட்டியது.