சாயம் விடும் துணி எது, சாயம் வாங்கும் துணி எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் மெஷினில் போடுவோம். அண்மையில் ஒரு புதுச் சிவப்பு டிஷர்ட் வெள்ளைத் துணிகளுக்குள் சுருண்டு கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. துவைத்து எடுத்ததும் பனியன்கள் எல்லாம் ரோஸ் நிறம். வீட்டில் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். நான் உற்றுப் பார்த்தது வேறொன்றை.

விளையாடும்போது போடும் வெள்ளை அரைக்கால்சட்டை ஒன்றும் அதில் இருந்தது. அதன் மேல் துணியில் பொட்டு நிறம்கூட ஏறவில்லை, அப்படியே வெள்ளை. ஆனால் இடுப்பில் கட்டும் நாடா ரோஸ். உள்ளே தைத்திருந்த வலைத்துணியும் ரோஸ். லேபிளைத் திருப்பிப் படித்தேன். மேல் துணி பாலியஸ்டர், உள் துணி நைலான். நாடா பருத்திதான், விரல் வைத்தாலே தெரிந்தது. ஒரே தண்ணீர், ஒரே டிரம், ஒரே நேரம். ஒன்று சாயத்தை வாங்கியது, ஒன்று வாங்கவில்லை.

அதிலிருந்து நான் துணி பிரிக்கும் முறையே மாறிவிட்டது. இப்போது பார்ப்பது இரண்டுதான்: எது சாயம் விடும், எது சாயம் வாங்கும். புதிதாக வாங்கிய அடர் நிறப் பருத்தி விடும். வெளிர் நிறப் பருத்தி, நைலான், கம்பளி, பட்டு எல்லாம் வாங்கும். துவைத்துத் துவைத்து வெளிறிய பழைய சிவப்புச் சட்டையால் யாருக்கும் ஆபத்தில்லை. அதைத் தனியாகத் துவைப்பது தண்ணீருக்குத்தான் கேடு. சந்தேகமாக இருந்தால் உள் தையல் மடிப்பில் ஈர வெள்ளைத் துணியை வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறேன். அதில் நிறம் வந்தால் அந்தத் துணி தனி வாளி.

ஒரு சந்தேகம். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்கிறார்கள். உங்களில் யாருக்காவது பலன் கிடைத்ததா?

*

துணிகளைச் சோதிக்கும் கூடத்தில் பல காலம் வேலை பார்த்தவன் நான். நீங்கள் அந்தக் கால்சட்டையில் பார்த்ததைத்தான் நாங்கள் வேண்டுமென்றே செய்து பார்ப்போம். அசிட்டேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்று ஆறு இழைகளைப் பக்கம் பக்கமாக வைத்து நெய்த வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. சோதிக்க வந்த துணியில் ஒரு துண்டு வெட்டி, இந்தப் பட்டையோடு சேர்த்துத் தைத்து, சலவைத்தூள் கரைசலில் போட்டுச் சுழற்றுவோம். வெளியே வரும்போது பட்டையில் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு அளவில் கறைபட்டிருக்கும். சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 5 என்றால் கறையே இல்லை. ஐஎஸ்ஓ 105 என்ற தரநிலை வரிசையில் வரும் சோதனை இது.

இதில் கவனிக்க வேண்டியது, மதிப்பெண் இரண்டு வகை. துணியின் சொந்த நிறம் எவ்வளவு மாறியது என்பது ஒன்று. பக்கத்துத் துணியை எவ்வளவு கறையாக்கியது என்பது இன்னொன்று. முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்கும் துணி இரண்டாவதில் தோற்பது சாதாரணம். 'என் சட்டை நிறம் மங்கவே இல்லையே, இதிலிருந்தா சாயம் போயிருக்கும்?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வெள்ளைத் துணி ரோஸாக மாறக் கொஞ்சம் சாயமே போதும்.

இனி உப்பு விஷயம். 1956-இல் ரியாக்டிவ் சாயங்கள் விற்பனைக்கு வந்தன. இன்று பருத்திக்கு மிகப் பரவலாகப் போடுவது அவற்றைத்தான். அவை இழையோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும்; பிணைந்த சாயம் வீட்டுத் துவைப்பில் லேசில் போகாது. ஆனால் சாயத் தொட்டியில் எல்லாச் சாயமும் இழையோடு பிணையாது. ஒரு பகுதி தண்ணீரோடே வினைபுரிந்து வீணாகி, துணிக்குள் சும்மா தங்கிவிடும். அதைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி அலசி எடுக்க வேண்டும். ஆலையில் அதைச் சரியாகச் செய்யாமல் விட்டால், மிச்ச அலசல் உங்கள் வாளியில் நடக்கும். நீலப்பச்சை நிறத்தில் சில சாயங்கள் இப்படி அலசி எடுக்கவே சிரமம் கொடுப்பவை.

சாயத் தொட்டியில் உப்புப் போடுவது உண்மை, அதுவும் லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம். அது சாயத்தை இழைக்குள் தள்ளும். இழையோடு பிணைக்கும் வேலையைச் செய்வது அதற்குப் பிறகு சேர்க்கும் காரம். வீட்டு வாளியில் கைப்பிடி உப்புப் போட்டால் பிணைப்பு எதுவும் நடக்காது. உப்புத் தண்ணீரில் சாயம் குறைவாக வெளியே வருவதால் நின்றுவிட்டது போலத் தெரியும். அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டால் மறுபடியும் வரும். வினிகரும் அப்படித்தான். கம்பளி, பட்டு, நைலானுக்குச் சாயம் ஏற்றும்போது அமிலத்துக்கு வேலை உண்டு, பருத்திச் சாயத்தை அது நிறுத்தாது.

பலன் தருவது அலசல்தான். புது அடர் நிறத்தைத் தனியாக, நிறையத் தண்ணீரில், லேபிள் அனுமதிக்கும் சூட்டில் துவையுங்கள். அலசும் தண்ணீர் தெளிந்து வரும்வரை செய்யுங்கள். சூடான தண்ணீரில் சாயம் கூடுதலாக வரும். தனியாகத் துவைக்கும்போது அது நல்லது, மற்றவற்றோடு சேர்த்துத் துவைக்கும்போது கெடுதல். சில துவைப்புகளில் நின்றுவிட்டால் அது தங்கியிருந்த மிச்சச் சாயம். எத்தனை முறை துவைத்தாலும் வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் இழையோடு பிணையாத வேறு வகைச் சாயம் போட்டிருப்பார்கள். அந்தத் துணிக்குக் கடைசிவரை தனி வாளிதான்.

*

எங்கள் வீட்டு அனுபவம் கொஞ்சம் வேறு. கறை பெரும்பாலும் துவைக்கும்போது வரவில்லை, துவைத்து முடித்த பிறகுதான் வந்தது. மெஷின் நின்றதும் யாராவது உடனே எடுத்து உதறிக் காயப்போட்டால் ஒன்றும் ஆகாது. ஈரத்தோடு உள்ளேயே கிடந்தால் போச்சு.

கறையின் வடிவத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். துணி முழுக்க ஒரே சீராக நிறம் ஏறியிருந்தால் தண்ணீர் வழியாக வந்தது. அங்கங்கே திட்டாக, ஓரம் கோடு போட்டது போல இருந்தால், ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்து வந்தது. என் மகளின் வெளிர் மஞ்சள் சட்டையில் மற்றொரு துணியின் பட்டன் வரிசை அப்படியே அச்சாக விழுந்திருந்தது.

ஒரே உடையில் வெள்ளையும் கருநீலமும் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அதை நான் ஊறவே விடுவதில்லை. சட்டென்று அலசி, உலர்ந்த துண்டில் விரித்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மடிப்பு இல்லாமல், அடர் நிறப் பகுதி கீழே வரும்படி கொடியில் போடுகிறேன். தண்ணீர் கீழ்நோக்கித்தான் இறங்கும், அதோடு சாயமும் இறங்கும்.

*

ஜீன்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நானும் உப்பு, வினிகர் எல்லாம் கேள்விப்பட்டவன்தான். ஆனால் ஜீன்ஸுக்கு நீலம் தரும் இண்டிகோ சாயத்தின் கதை வேறு. அது தண்ணீரில் கரையவே கரையாது. நூலின் மேல்பரப்பில்தான் படிந்திருக்கும்.

பழைய ஜீன்ஸின் அடி ஓரம் பிரிந்து நூல் தொங்கினால், ஒரு நீல நூலை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே நீல வளையம், நடுவில் வெள்ளை. தேயத் தேய அந்த நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிவதைத்தான் நாம் 'வெளிறியது' என்கிறோம். அதனால் ஜீன்ஸுக்குப் பகை உரசல்தான். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பை மூடி, கனமான அடர் நிறத் துணிகளோடு மட்டும் போடுகிறேன். புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெளிர் நிற சோபாவில் உட்கார்ந்தால் நீலம் ஒட்டுவதும் இதனால்தான். துணியில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம்.

*

கறுப்புத் துணி பற்றி யாரும் எழுதவில்லையே! கறுப்பு நரைப்பது எல்லாமே சாயம் போவதால் அல்ல. மெஷினில் உரசி உரசி மேல்பரப்பில் மெல்லிய பஞ்சு எழும்பிவிடும். அதில் வெளிச்சம் சிதறி நரைத்தது போலக் காட்டும். திருப்பிப் போட்டுத் துவைத்தால் இது நன்றாகக் குறைகிறது. துண்டுகளோடு சேர்க்கவே கூடாது, பஞ்சு முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், சலவைத்தூளையும் பார்த்து வாங்குங்கள். வெள்ளைக்கு என்று வருபவற்றில் வெளுப்பானும், வெண்மையைத் தூக்கிக் காட்டும் பொருளும் இருக்கும். வெள்ளைக்கு அது சரி, சந்தன நிறச் சட்டையின் அழகைக் கெடுத்துவிடும். கலர் துணிக்கு நான் லிக்விட்தான் போடுகிறேன்.

*

கறை பட்ட பிறகு என்ன செய்வது என்று மேலே யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். முதலில் காயவிடாதீர்கள். டிரையரும் இஸ்திரியும் கூடவே கூடாது, சூடு பட்டால் கறையை எடுப்பது கடினம். சாயம் விட்ட துணியை வெளியே எடுத்துவிட்டு, கறைபட்டவற்றை மட்டும் அதே ஈரத்தோடு மறுபடி துவையுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போவதைப் பார்த்திருக்கிறேன்.

போகவில்லை என்றால் லேபிளில் முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். வெறும் முக்கோணம் என்றால் எந்த வெளுப்பானும் போடலாம். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் ஆக்சிஜன் வெளுப்பான் மட்டும். குறுக்கே அடித்திருந்தால் எதுவும் கூடாது. ஆக்சிஜன் வெளுப்பான் என்று விற்கும் தூள் பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டால் பருத்தியில் நல்ல பலன் தருகிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. குளோரின் வெளுப்பானை வெள்ளைப் பருத்தியைத் தவிர வேறெதற்கும் நான் தொடுவதில்லை; எலாஸ்டிக் இழை கலந்த துணி அதில் மஞ்சளாகிவிடும்.

தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள். வினிகர் ஊற்றிய வாளியிலேயே குளோரின் வெளுப்பானையும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும், மூச்சுக்கு ஆபத்து. கதவை மூடிக்கொண்டு குளியலறையில் துவைப்பவர்கள் இதைக் கட்டாயம் வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.