பியானோவின் வலது மிதி: ‘கார்வை மிதி’ எனலாமா?

> ‘ஒலிநீட்டி’ என்றே வைத்துவிடலாம். கேட்டவுடன் எல்லோருக்கும் புரியும்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நம் சொற்பட்டியலுக்காக, பியானோவின் வலது மிதிக்கு (sustain pedal) நீங்கள் சொன்ன ‘ஒலிநீட்டி’ எளிய சொல்தான். ஆனால் அந்த மிதி எதையும் நீட்டுவதில்லையே! பியானோக் கம்பிகள் மேல், உச்சத்தில் உள்ள சிலவற்றைத் தவிர, கம்பளி ஒட்டிய சிறு கட்டைகள் படிந்திருக்கின்றன. விசையை அழுத்தினால் அதற்குரிய கட்டை எழும்பும்; விரலை எடுத்தால் மீண்டும் படிந்து ஒலியை அடக்கிவிடும். வலது மிதியை அழுத்தினால் எல்லாக் கட்டைகளும் ஒருசேர எழும்பிவிடுகின்றன. தட்டிய கம்பி தானாக ஓயும்வரை ஒலிக்கிறது. தட்டாத கம்பிகளும் கூடவே அதிர்கின்றன. இந்த உடனதிர்வுதான் மிதியின் அழகே.

சோவியத் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ் 1974இல் பதிவு செய்த, நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ‘லிரிக் பீசஸ்’ இசைத்தட்டை நேற்று இந்தக் கேள்வியோடுதான் கேட்டேன். எட்வர்ட் கிரீக் 1867 முதல் 1901 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 66 சிறு உருப்படிகளில் இருபது அதில் உள்ளன. முதலில் வருவது ‘அரியெட்டா’. மேலே மெட்டு, அடியில் தாழ்ந்த (மந்தர ஸ்தாயி) சுரம், நடுவே இரு கைகளும் பகிர்ந்துகொள்ளும் சுர ஓட்டம். சுரக்கூட்டு (chord) மாறும் இடங்களில் பழைய ஒலி விலகிப் புதியது தெளிகிறது. அங்கெல்லாம் கால் மிதியை விட்டு மறுபடி பிடிக்கிறது. கடைசி உருப்படியில் அதே மெட்டு மூன்றெண்ணிக்கை வால்ட்ஸாகத் திரும்புகிறது. அதற்கு நார்வே மொழியில் கிரீக் இட்ட பெயர் ‘எஃப்டர்க்லாங்’: ஒலித்த பின் எஞ்சும் ஒலி.

அதைத்தான் நாம் கார்வை என்கிறோம். வீணையில் மீட்டிவிட்டு, தந்தியை அணைக்காமல் விட்டால் எஞ்சுவது கார்வை. ‘காந்தாரத்தில் நல்ல கார்வை கொடுத்தார்’ என்று கச்சேரி கேட்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகக் கட்ட வேண்டும்?

மிருதங்கம் போன்ற தாளக்கருவி வாசிக்கும் லயக்காரர்களுக்குக் கார்வை என்றால் சொற்கட்டுகளுக்கு (‘தகதிமி’ போன்ற தாளச் சொற்களுக்கு) இடையே விடும் இடைவெளி ஆயிற்றே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மிருதங்கத்தில் அந்த இடைவெளி வெறுமையாகவா இருக்கிறது? முன்பு விழுந்த அடியின் நாதம் அங்கே நிற்கிறது. இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றே என்று எனக்குப் படுகிறது.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், 1891இல் வெளிவந்த கிரீக்கின் ஐந்தாம் தொகுதியின் ‘க்லொக்கெக்லாங்’ (மணியோசை) உருப்படியில் வைத்துப் பாருங்கள். இரு கைகளிலும் ச–ப (சட்ஜம்–பஞ்சமம்) இணைகள். ஒன்று ஓயுமுன் அடுத்தது அதன்மேல் விழுகிறது. காலை எடுத்தால் கோயில் மணி நின்றுவிடும். ‘இதைக் கார்வை மிதியிலேயே வாசிக்க வேண்டும்’ என்று மாணவரிடம் தயங்காமல் சொல்லலாம். ‘ஒலிநீட்டியில் வாசி’ என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

இடது மிதிக்கு ‘மென்மிதி’ போதும். அந்தக் கம்பளிக் கட்டைக்கு ‘அடக்கி’ பொருந்துமா, ‘அணைகட்டை’ பொருந்துமா? பியானோ பழுது பார்த்துப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பட்டியலில் அதையும் சேர்த்துவிடுகிறேன்.