புதுப்பிப்பு: மஞ்சளான புல்தரை, மூன்று மாதம் கழித்து

கோவில்பட்டி வீட்டு முற்றத்தில் பதித்த கொரியன் புல் திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது என்று ஜூன் மாதம் இங்கே புலம்பியிருந்தேன். வெயில்தான் காரணம் என்று நினைத்துத் தினமும் தண்ணீர் விட்டேன். தப்பு. ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தால் வேர் பழுப்பாக அழுகி, சேற்று நாற்றம் அடித்தது. கரிசல் மண் குடித்த நீரை விடவே இல்லை.

கம்பியால் சாண் இடைவெளியில் ஆழக் குத்தி, துளைகளில் மணலும் மட்கிய எருவும் நிரப்பினேன். இப்போது வாரம் இருமுறைதான் தண்ணீர். வெயில் படும் பக்கம் பச்சை திரும்பிவிட்டது. வேப்பமர நிழலில் மட்டும் பிடிக்கவில்லை. அங்கே அருகம்புல் வைக்கச் சொன்னவருக்கு நன்றி; ஆனால் அருகுக்கு நிழல் அறவே ஆகாது.

புல்லுக்கு நடுவே முளைக்கும் கோரைக் களை போனதா என்கிறீர்களா? மேலே பிடுங்கினால் கிழங்கு அடியில் சிரிக்கிறது. நேற்றும் களைக்கொத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.