முதியோர் இல்லத்தில் காலை உணவு: இருக்கும் ஆட்களை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி:
வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் உணவுப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். அனைவருக்கும் எட்டரை மணிக்கே காலை உணவு பரிமாறப்படுவதால், தூக்கம் கலையாதவர்களையும் சக்கர நாற்காலியில் இருத்திக் கூடத்துக்கு அழைத்துவர வேண்டியிருக்கிறது. அவரவர் எழும் நேரத்துக்கு உணவு தர விரும்புகிறோம். கூடுதல் ஆள் தர நிர்வாகம் இசையவில்லை. வழி உண்டா?

பதில் 1:
எத்தனை ஆட்கள் என்பதைவிட, அவர்கள் எந்த நேரத்தில் நிற்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். முழு உதவி தேவைப்படும் இருவருக்கு மேல் ஒருவரே ஒரே வேளையில் ஊட்டக் கூடாது என்றும், ஊட்ட ஆள் வருமுன் உணவைப் பரிமாறக் கூடாது என்றும் மாகாண ஒழுங்குவிதி சொல்கிறது. ஆகவே எல்லோரும் ஒன்றாக உண்ணும்போதுதான் நெருக்கடி உச்சமாகிறது. ஏழரை முதல் பத்து வரை பரவவிட்டால், அதே பணியாளர்களே ஆறுதலாக ஊட்டலாம். எங்கள் இல்லத்தில் சமையலறை உதவியாளர் ஒருவரின் பணிநேரத்தை மட்டும் பின்தள்ளி, முட்டையையும் ரொட்டியையும் கேட்டவுடன் செய்து கொடுக்கிறோம். கஞ்சியைச் சிறு அளவாகக் காய்ச்சுங்கள். நெடுநேரம் சூட்டில் கிடந்தால் ஆடை படர்ந்து இறுகிவிடும், பிறகு விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது ஆபத்து.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இன்சுலின் போடும் நேரத்தைத் தாதியருடன் பேசி மாற்றாமல் உணவு நேரத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள். உணவு நேரங்களை வசிப்போர் மன்றம் ஆராய வேண்டும் என்பதும் விதியே. தமிழ் மூதாட்டிகள் சிலர் விடியவே எழுந்து தேநீருக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஏழரையே பிந்திய நேரம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தாதியர் பொறுப்பாளருடன் முதலில் பேசிவிட்டு, ஒரு கூடத்தில் மட்டும் தொடங்குகிறோம்.